வடம் பிடிப்போரும் இழுப்போரும்: சரக்குப் போக்குவரத்தில் அரசு–தொழில்துறைக் கூட்டாண்மை

ஊர் கூடித் தேர் இழுக்கும் காட்சியை நாம் அனைவரும் அறிவோம். வடத்தைப் பற்றியிருக்கும் கைகள் நூற்றுக்கணக்கானவை. அவற்றுள் எத்தனை கைகள் உண்மையாக இழுக்கின்றன, எத்தனை கைகள் வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் உடன் செல்கின்றன என்பதைப் பார்ப்பவரால் எளிதில் கூற இயலாது. தேர் நகர்ந்தால் பெருமை எல்லார்க்கும் உரியது. நின்றுவிட்டால் குறை யாருடையது என்பது தெரியாது.

அரசும் தொழில் நிறுவனங்களும் தாமாக முன்வந்து கைகோத்துச் செய்யும் சுற்றுச்சூழல் பணிகளைப் பற்றி எண்ணும்போது இந்த ஐயமே முதலில் எழுகிறது. சட்டத்தின் கட்டாயம் இல்லை, தண்டமும் இல்லை. ஒரு நிறுவனம் உறுதிமொழியில் கையெழுத்திடுகிறது, ஒரு சின்னத்தைப் பெறுகிறது, விளம்பரத்தில் பயன்படுத்துகிறது. இதனால் காற்று உண்மையிலேயே தூய்மை அடைகிறதா? சட்டம் வராமல் தடுத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடாக இது முடிந்துவிடுகிறதா?

இக்கேள்விக்கு விடை காணச் சரக்குப் போக்குவரத்துத் துறையில் நடந்த ஒரு முயற்சியை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 2004-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ‘ஸ்மார்ட்வே’ என்னும் கூட்டாண்மைத் திட்டமே அது. அதன் வரலாற்றைப் பார்த்தபின், நமது துறைமுகத்திலும் நெடுஞ்சாலையிலும் அதன் படிப்பினை எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் காண்போம்.

சரக்கு ஏன் கடினமான துறை?

ஒரு மாணவரின் மேசைமீதுள்ள பயிற்சி ஏட்டை எண்ணிப் பார்ப்போம். மரக்கூழ் ஒரு நாட்டில் உருவாகியிருக்கலாம். தாள் மற்றொரு நாட்டில் செய்யப்பட்டிருக்கலாம். கப்பல், துறைமுகம், கிடங்கு, சரக்குந்து, கடை எனப் பல கைகள் மாறிய பின்னரே அது மாணவரை வந்தடைகிறது. ஏட்டின் விலை அட்டையில் அச்சாகியிருக்கிறது. அதனைக் கொண்டுவருவதற்கு எரிந்த டீசலின் அளவு எங்கும் அச்சாகவில்லை.

இத்துறையைச் சீர்திருத்துவதில் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. முதலாவது, துறை சிதறிக் கிடப்பது. அமெரிக்காவில் சாலைவழிச் சரக்கு நிறுவனங்களுள் மிகப் பெரும்பான்மையானவை இருபதுக்கும் குறைவான வாகனங்களைக் கொண்டு தொழில் நடத்துபவை. ஒரே ஒரு வாகனத்தைத் தாமே வைத்திருந்து தாமே ஓட்டுபவர்களும் பலர். ஒரு மின்நிலையத்தைக் கண்காணிப்பதைப் போல இவர்கள் அனைவரையும் கண்காணிக்க இயலாது.

இரண்டாவது, செலவு ஒருவருக்கும் பயன் மற்றொருவருக்கும் போய்ச் சேர்வது. நெடுந்தொலைவுச் சரக்குந்தில் இரண்டு பகுதிகள் உண்டு. முன்னே இழுத்துச் செல்லும் பகுதியை நம் பகுதியில் ‘பிரைம் மூவர்’ என்கிறோம். பின்னே இழுக்கப்படும் பெட்டி டிரெய்லர். இவ்விரண்டும் ஒருவருக்கே உரியவையாக இருக்க வேண்டும் என்பதில்லை. டிரெய்லரின் உரிமையாளர் அதில் காற்றுத் தடுப்புப் பலகை பொருத்தினால் செலவு அவருடையது. மிச்சப்படும் டீசல் முன்பகுதியின் உரிமையாளருக்கு உரியது. இந்நிலையில் அவர் ஏன் பணம் செலவிடுவார்?

மூன்றாவதே எல்லாவற்றிலும் அடிப்படையானது. பொதுவான அளவுகோல் இல்லாமை. “எங்கள் கருவியைப் பொருத்தினால் எரிபொருள் பத்து விழுக்காடு மிச்சம்” என்று விற்பனையாளர் ஒருவர் கூறுகிறார். அக்கூற்றை ஐந்து வாகனங்கள் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் எப்படிச் சோதிப்பார்? சரக்கை அனுப்பும் பெரிய வணிக நிறுவனம் தூய்மையான போக்குவரத்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க விரும்பினாலும், எது தூய்மையானது என்பதை எதைக் கொண்டு அறியும்?

ஸ்மார்ட்வே பிறந்த விதம்

இச்சூழலில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2004 பிப்ரவரியில் ஸ்மார்ட்வே திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கக் கூட்டாளிகள் 15 நிறுவனங்கள். ஐக்கியா, ஹோம் டிப்போ போன்ற சரக்கு அனுப்பும் நிறுவனங்களும், ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற சரக்கு ஏற்றிச் செல்லும் நிறுவனங்களும் அவற்றுள் இருந்தன. இருதரப்பாரையும் ஒரே மேசையில் அமர்த்தியதே இத்திட்டத்தின் தனித்தன்மை.

திட்டம் இயங்கும் முறை எளிமையானது. ஏற்றிச் செல்லும் நிறுவனம் ஆண்டுதோறும் தனது வாகனங்கள் எரித்த எரிபொருள், ஓடிய தொலைவு, சுமந்த எடை ஆகிய விவரங்களை முகமை வகுத்த படிவத்தில் அளிக்க வேண்டும். அவற்றிலிருந்து ஒரு மைலுக்கு எத்தனை கிராம், ஒரு டன் சரக்கை ஒரு மைல் கொண்டுசெல்ல எத்தனை கிராம் மாசு வெளியேறுகிறது என்பது கணக்கிடப்படுகிறது. ஒத்த பணி செய்யும் நிறுவனங்கள் ஒரே குழுவாகத் தொகுக்கப்பட்டுத் தரவரிசையில் வைக்கப்படுகின்றன. நெடுந்தொலைவு செல்லும் நிறுவனத்தை நகருக்குள் பொருள் வழங்கும் நிறுவனத்தோடு ஒப்பிடுவதில்லை.

அனுப்பும் நிறுவனங்களுக்கும் கடமை உண்டு. தொடக்க ஆண்டுகளில், தமது சரக்கில் குறைந்தது பாதியையாவது ஸ்மார்ட்வேயில் சேர்ந்த நிறுவனங்கள்வழி அனுப்புவதாக அவை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இதன் விளைவைக் கவனிக்க வேண்டும். ஒரு சிறிய சரக்குந்து நிறுவனம் அரசின் வேண்டுகோளைப் பொருட்படுத்தாமல் இருக்கலாம். ஆனால், தனக்குப் பணி தரும் பெரிய வாடிக்கையாளர், “நீங்கள் பதிவு செய்துள்ளீர்களா?” என்று கேட்டால் அதைப் பொருட்படுத்தாமல் இருக்க இயலாது. சட்டம் செய்ய வேண்டிய வற்புறுத்தலை இங்கே வாடிக்கையாளர் செய்தார். காலப்போக்கில் இருப்புப்பாதை, படகு, வான்வழிச் சரக்கு நிறுவனங்களும் சேர்ந்தன. கூட்டாளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ நான்காயிரத்தை எட்டியது. 2012-இல் கனடாவின் இயற்கை வள அமைச்சும் அந்நாட்டில் இத்திட்டத்தை நடத்தத் தொடங்கியது.

காற்று, சக்கரம், உறக்கம்

கூட்டாண்மையின் இரண்டாம் பணி, கருவிகளைச் சோதித்துச் சான்றளிப்பது. எதை வாங்கலாம் என்று தடுமாறிய சிறு நிறுவனங்களுக்கு இதுவே பெருந்துணையாயிற்று. மூன்று வகைகளைக் காண்போம்.

முதலாவது காற்று. வாகனத்தைத் தடுக்கும் காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் செல்லும் வாகனம் 104 கிலோமீட்டருக்கு வேகத்தைக் கூட்டினால், காற்றுத் தடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. ஆகவே, நெடுஞ்சாலையில் டீசலின் கணிசமான பகுதி காற்றைத் தள்ளுவதற்குச் செலவாகிறது. டிரெய்லரின் அடிப்பகுதியில் இருபுறமும் பாவாடை போல் பொருத்தப்படும் பலகைகள், பெட்டியின் அடியில் காற்று புகுந்து சுழல்வதைக் குறைக்கின்றன. இத்தகைய கருவிகளில் சில, சோதனைகளில் 5 விழுக்காடும் அதற்கு மேலும் எரிபொருளை மிச்சப்படுத்தின.

அந்த 5 விழுக்காடு சிறியதா? ஆண்டுக்கு 160,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு சரக்குந்து, 100 கிலோமீட்டருக்கு 40 லிட்டர் எரிப்பதாகக் கொள்வோம். ஆண்டுச் செலவு 64,000 லிட்டர். அதில் 5 விழுக்காடு 3,200 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. எனவே ஒரே வாகனத்தில் ஆண்டுக்கு 8 டன்னுக்கும் மேல் குறைகிறது.

இரண்டாவது சக்கரம். சுழலும்போது உருக்குலைந்து மீளும் டயர், ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக வீணாக்குகிறது. உருளல் தடை குறைந்த டயர்கள் குறைந்தது 3 விழுக்காடு எரிபொருளை மிச்சப்படுத்தினால்தான் ஸ்மார்ட்வே அவற்றை ஏற்றது.

மூன்றாவது உறக்கம். அமெரிக்க விதிப்படி நெடுந்தொலைவு ஓட்டுநர் தமது பணிநேரம் முடிந்ததும் தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வு கொள்ள வேண்டும். பலர் வண்டிக்குள்ளேயே உறங்குகின்றனர். குளிர்காலத்தில் வெப்பமும் கோடையில் குளிர்ச்சியும் வேண்டும் என்பதற்காகப் பேரியந்திரத்தை இரவு முழுவதும் ஓடவிடும் வழக்கம் இருந்தது. ஓடாமல் நிற்கும் வாகனம் ஒரு மணி நேரத்திற்குச் சுமார் 3 லிட்டர் எரிக்கும். ஓர் இரவில் 8 மணி நேரம், ஆண்டில் 250 இரவுகள் என்று கொண்டால் 6,000 லிட்டர். கரியமில வாயு ஏறத்தாழ 16 டன். ஒரு மனிதர் உறங்குவதற்காக இவ்வளவு எரிகிறது! அவரைக் குறை கூறுவதில் பொருளில்லை. உறங்காத ஓட்டுநர் சாலைக்குப் பேரிடர். சிறிய துணை இயந்திரமோ, மின்கலத்தால் இயங்கும் குளிர்விப்பானோ, ஓய்விடத்தில் மின் இணைப்போ கிடைத்தால் போதும். இத்தகைய கருவிகளையும் திட்டம் சோதித்துப் பட்டியலிட்டது.

அளவுகோல் பேசும் உண்மை

அளவுகோல் ஒன்று வகுப்பது எளிதன்று. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து நல்லது தீயதாகவும் தீயது நல்லதாகவும் தோன்றும். வகுப்பறையில் செய்து பார்க்கத்தக்க ஒரு கணக்கைக் காண்போம்.

முதல் சரக்குந்து 20 டன் சரக்கை 100 கிலோமீட்டர் கொண்டுசெல்கிறது. 35 லிட்டர் எரிக்கிறது. இரண்டாம் சரக்குந்து 10 டன் சரக்கை அதே தொலைவு கொண்டுசெல்கிறது. 30 லிட்டர் எரிக்கிறது. கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் இரண்டாவதே சிக்கனமானது. ஆனால், ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல முதலாவது வெளியிடுவது சுமார் 47 கிராம். இரண்டாவது வெளியிடுவது 81 கிராம். பாதிச் சுமையோடு ஓடும் வண்டி பார்வைக்குச் சிக்கனம், உண்மையில் வீண்செலவு.

இன்னும் ஒரு படி செல்வோம். முதல் சரக்குந்து சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்புகிறது. திரும்பும் வழியில் 25 லிட்டர் எரிக்கிறது. இப்போது மொத்தம் 60 லிட்டர். சுமந்த சரக்கோ அதே 20 டன், 100 கிலோமீட்டர். கணக்கிட்டால் அதுவும் 81 கிராமாகிவிடுகிறது! வெறும் வண்டியாகத் திரும்பும் பயணத்தைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்ற ஒரே முடிவு, விடையை ஏறத்தாழ 1.7 மடங்காக்குகிறது.

இதனால்தான் அளவைமுறை பொதுவானதாகவும் வெளிப்படையானதாகவும் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு ஏற்ற கணக்கை வைத்துக்கொண்டால் எல்லாரும் முதலிடம் பெறுவர். பல நாடுகளின் கூட்டாண்மைத் திட்டங்கள் தத்தம் முறையில் சேர்த்த பட்டறிவு, 2023-இல் வெளியான ஐஎஸ்ஓ 14083 என்னும் அனைத்துலகத் தரநிலைக்கு வழிவகுத்தது. போக்குவரத்துச் சங்கிலி முழுவதற்கும் வெளியேற்றத்தைக் கணக்கிடும் முறையை அது வகுத்துரைக்கிறது.

விருப்பத்திலிருந்து சட்டத்திற்கு

தன்விருப்பத் திட்டம் சட்டத்திற்கு மாற்று என்று சிலர் கருதுவர். ஸ்மார்ட்வேயின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது.

2008 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் காற்று வள வாரியம் ஒரு விதியை இயற்றியது. அம்மாநிலச் சாலைகளில் 53 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள பெட்டி டிரெய்லர்களும் அவற்றை இழுக்கும் வாகனங்களும் ஸ்மார்ட்வே சான்று பெற்ற கருவிகளையும் டயர்களையும் கொண்டிருக்க வேண்டும் என்று அது கூறியது. அவ்விதி 2010 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் விரும்பினால் செய்யலாம் என்றிருந்தது, ஒரு மாநிலத்தின் கட்டாயமாயிற்று. வாரியம் புதிதாக ஒரு சோதனை முறையை உருவாக்க வேண்டியிருக்கவில்லை. கருவிகள் சோதிக்கப்பட்டிருந்தன, பட்டியல் ஆயத்தமாக இருந்தது, பயன்படுத்தியவர்களின் பட்டறிவும் இருந்தது.

2011-இல் கனரக வாகனங்களுக்கான எரிபொருள் சிக்கன, பசுமைக்குடில் வாயு விதிகளை அமெரிக்கக் கூட்டரசு முதன்முதலாக வெளியிட்டது. காற்றுத் தடையையும் டயரின் உருளல் தடையையும் அளப்பதில் ஸ்மார்ட்வே சேர்த்திருந்த பட்டறிவு அவ்விதிகளுக்கு அடித்தளமாயிற்று.

அடுத்து நடந்தது இன்னும் சிந்தனைக்குரியது. 2016-இல் வெளியான இரண்டாம் கட்ட விதிகள் டிரெய்லர்களையும் உட்படுத்தின. டிரெய்லர் உற்பத்தியாளர் சங்கம் வழக்குத் தொடுத்தது. 2021 நவம்பரில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அப்பகுதியை நீக்கியது. காரணம் சொல்லின் பொருளில் இருந்தது. தூய காற்றுச் சட்டம் கட்டுப்படுத்துவது மோட்டார் வாகனங்களை. மோட்டார் வாகனம் என்பது தானே இயங்குவது. டிரெய்லருக்கு இயந்திரம் இல்லை. ஆகவே அது சட்டத்தின் வரம்புக்குள் வராது என்பது தீர்ப்பு.

காற்றைப் பொறுத்தவரை பெட்டிக்கும் இயந்திரத்திற்கும் வேறுபாடு இல்லை. ஆயினும் கூட்டரசின் விதியால் அப்பெட்டியைத் தொட இயலவில்லை. விருப்பத்தால் இயங்கிய திட்டமோ முதலிலிருந்தே அதைத் தொட்டிருந்தது. சட்டம் கட்டாயப்படுத்த வல்லது; ஆனால் அதன் கை எட்டும் தொலைவுக்கு எல்லை உண்டு. கூட்டாண்மை கட்டாயப்படுத்த இயலாதது. ஆனால் அது எட்டும் தொலைவு பெரிது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை என்பதே இங்கு நாம் பெறும் பாடம்.

குறைகளை மறைக்கலாகாது

முதற்குறை, யார் சேர்கிறார்கள் என்பதில் உள்ளது. பள்ளி முடிந்தபின் விருப்ப வகுப்பு ஒன்று நடத்தினால் யார் வருவார்கள் என்பதை ஆசிரியர்கள் அறிவர். ஏற்கெனவே நன்கு படிப்பவர்களே பெரும்பாலும் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். ஆண்டிறுதியில் அவர்களின் மதிப்பெண் உயர்ந்திருந்தால் அது வகுப்பின் பயனா, அவர்களுடைய இயல்பான முயற்சியின் பயனா? தன்விருப்பத் திட்டங்களிலும் இதே சிக்கல். எரிபொருளை மிச்சப்படுத்த எப்படியும் முனைந்திருக்கக்கூடிய நிறுவனங்களே முதலில் சேர்கின்றன. ஆகவே, சேர்ந்தவர்களின் சாதனை முழுவதையும் திட்டத்தின் சாதனையாகக் கூறுவது மிகைபடக் கூறலாகும்.

இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அதே சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1991-இல் ‘33/50’ என்னும் தன்விருப்பத் திட்டத்தைத் தொடங்கியது. 17 நச்சு வேதிப்பொருள்களின் வெளியேற்றத்தை 1992-க்குள் 33 விழுக்காடும் 1995-க்குள் 50 விழுக்காடும் குறைப்பது அதன் இலக்கு. இலக்கு ஓராண்டு முன்னதாகவே எட்டப்பட்டது. ஆனால் ஒப்பீட்டின் அடிப்படை ஆண்டு 1988. திட்டம் தொடங்குவதற்கு முன்பே நிகழ்ந்த குறைவும் வெற்றிக் கணக்கில் சேர்ந்தது. திட்டத்தில் சேராத நிறுவனங்கள் குறைத்ததும் சேர்ந்தது. இதனை ஆய்வாளர்கள் பின்னர்ச் சுட்டிக்காட்டினர். எந்த ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பது வெறும் கணக்கியல் செய்தி அன்று.

இரண்டாம் குறை, தரவு. நிறுவனமே தன் விவரங்களை அளிக்கிறது. மாணவர் தம் விடைத்தாளைத் தாமே திருத்துவது போன்றது இது. முகமை எண்களைச் சரிபார்த்தாலும், ஒவ்வொரு வண்டியின் எரிபொருள் தொட்டியையும் திறந்து பார்ப்பதில்லை. நெதர்லாந்தில் 2008-இல் தோன்றிய ‘லீன் அண்டு கிரீன்’ திட்டம் இதனை வேறுவகையில் எதிர்கொண்டது. ஐந்து ஆண்டுகளில் 20 விழுக்காடு குறைப்பதற்கான திட்டத்தை வகுத்தால் நிறுவனத்திற்கு ஒரு விருது. அதனை உண்மையில் எட்டியதை மெய்ப்பித்தால் விண்மீன் தகுதி. சொன்னதற்கும் செய்ததற்கும் தனித்தனி அடையாளம் தருவது நேர்மையான முறை.

மூன்றாம் குறையே பெரிது. டன்னுக்கு எத்தனை கிராம் என்ற அளவு குறைந்துகொண்டே வரலாம். மொத்தப் புகையோ கூடிக்கொண்டே போகலாம். ஒரு நாட்டில் ஒரு டன் சரக்கின் வெளியேற்றம் 20 விழுக்காடு குறைகிறது. அதே காலத்தில் சரக்கின் அளவு 50 விழுக்காடு கூடுகிறது என்று கொள்வோம். முடிவில் மொத்த வெளியேற்றம் 20 விழுக்காடு உயர்ந்திருக்கும். எல்லா நிறுவனங்களும் விருது பெற்றிருக்கும். காற்று மட்டும் முன்னிலும் கெட்டிருக்கும். காற்றுத் தடுப்புப் பலகையும் நல்ல டயரும் டீசலின் தேவையைக் குறைக்கும், டீசலை நீக்கா.

நம் துறைமுகமும் நம் சாலையும்

உலகின் சரக்கில் பெரும்பகுதி கடல்வழியே செல்கிறது. அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் ஆய்வின்படி, 2018-இல் மனிதச் செயல்களால் வெளியேறிய கரியமில வாயுவில் ஏறத்தாழ 2.9 விழுக்காடு கப்பல் போக்குவரத்தினுடையது. உலகின் மிகப் பரபரப்பான கடல்வழிகளுள் ஒன்றின் கரையில் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தி அன்று.

2011-இல் சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் ‘கடல்துறைச் சிங்கப்பூர்ப் பசுமை முயற்சி’யை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 100 மில்லியன் வெள்ளி வரை ஒதுக்கப்பட்டது. யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. அனைத்துலக விதிகள் கேட்பதற்கும் மேலாகத் தூய்மையான எரிபொருளையோ, புகையிலிருந்து கந்தகத்தை நீக்கும் கருவியையோ துறைமுகத்தில் பயன்படுத்தும் கப்பல்களுக்குத் துறைமுகக் கட்டணத்தில் 15 விழுக்காடு கழிவு தந்தது. அனைத்துலகத் தரத்தை விஞ்சும் வடிவமைப்புக் கொண்ட, சிங்கப்பூர்க் கொடி பறக்கும் கப்பல்களுக்குப் பதிவுக் கட்டணத்திலும் ஆண்டு வரியிலும் சலுகை வழங்கியது.

அக்காலத்தில் கப்பல் எரிபொருளில் கந்தகம் 4.5 விழுக்காடு வரை இருக்கலாம்; 2012 முதல் 3.5 விழுக்காடு என்றாயிற்று. கந்தகப் புகை துறைமுகத்தை அடுத்து வாழ்வோரின் நுரையீரலுக்குத் தீங்கு செய்வது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து உலகக் கடல்களில் அந்த வரம்பு 0.5 விழுக்காடாக இறங்கியது. முன்பு கழிவு பெற்றுத் தந்த தூய்மை, இன்று எல்லாரும் நிறைவேற்ற வேண்டிய கடமை. சலுகை பெற இனி அதனினும் மேலானதைச் செய்ய வேண்டும். கலிஃபோர்னியச் சாலையில் நிகழ்ந்த அதே நகர்வைக் கடலிலும் காண்கிறோம்: முதலில் சிலர் விரும்பிச் செய்கின்றனர், செய்ய இயலும் என்பது தெளிவாகிறது, பின்னர் அது பொதுவிதியாகிறது.

ஆயினும் ஒரு நாட்டின் கருவியை அப்படியே மற்றொரு நாட்டிற்குக் கொண்டுவரலாகாது. சிங்கப்பூரில் கனரகச் சரக்குந்தின் வேக வரம்பு மணிக்கு 60 கிலோமீட்டர். முன்னர்க் கண்டபடி, அந்த வேகத்தில் காற்றுத் தடை அமெரிக்க நெடுஞ்சாலையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கே. எனவே அங்கே பெரும்பயன் தந்த பலகை இங்கே சிறுபயனே தரும். நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில் சுமையை நிரப்புதல், வெறும் பயணத்தைக் குறைத்தல், மின்வாகனம் ஆகியனவே முதன்மை பெறும்.

எரிபொருள் விலையும் ஒரு காரணி. மலேசியத் தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-இல் டீசலின் சில்லறை விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 காசிலிருந்து 3 ரிங்கிட் 35 காசுக்கு உயர்ந்தது. பொருள்களின் விலை ஏறாமல் காக்கும் பொருட்டுத் தகுதிபெற்ற சரக்கு வாகனங்களுக்குப் பழைய சலுகை விலை தொடர்ந்தது. முன்னர்க் கணக்கிட்ட 3,200 லிட்டரை நினைவுகூர்வோம். பழைய விலையில் அச்சேமிப்பின் மதிப்பு 6,880 ரிங்கிட்; புதிய விலையில் 10,720 ரிங்கிட். மக்களின் வாழ்க்கைச் செலவைக் காக்கும் சலுகை, சிக்கனக் கருவி வாங்கும் ஆர்வத்தைக் குறைக்கவும் கூடும். இரண்டு நல்ல நோக்கங்கள் ஒன்றோடொன்று மோதும் இடம் இது. இத்தகைய இடங்களில் விருப்பத்தை மட்டும் நம்பியிருத்தல் போதாது.

வகுப்பறைக்குச் சில கேள்விகள்

சட்டம் எட்டாத இடத்தை எட்டுவதும், சட்டத்திற்கு முன்பாகவே செய்து காட்டுவதும், எல்லார்க்கும் பொதுவான அளவுகோலை உருவாக்குவதும் தன்விருப்பக் கூட்டாண்மையின் பயன்கள். இவற்றுள் தலையாயது அளவுகோலே. கையொப்பங்களும் சின்னங்களும் மறைந்து போனாலும் நேர்மையாக வகுத்த அளவைமுறை நிலைத்து நிற்கும். அடுத்து வருவோர் அதன்மீது சட்டத்தையும் எழுப்பலாம். அளவுகோல் இல்லாத கூட்டாண்மையோ ஒரு விழாவோடு முடிந்துவிடும்.

எனவே, ‘பசுமை உறுதிமொழி’ எதனைக் கண்டாலும் மாணவர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். எதை அளக்கிறார்கள்: மொத்த வெளியேற்றத்தையா, ஒரு டன்னுக்குரிய வெளியேற்றத்தையா? எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள்? அவர்கள் தரும் எண்ணை வேறு யார் சரிபார்க்கிறார்கள்? சொன்னதைச் செய்யாவிட்டால் அவர்கள் எதை இழப்பார்கள்?

இக்கேள்விகளைத் தொலைவிலுள்ள நிறுவனங்களிடம் மட்டும் கேட்பதோடு நிற்க வேண்டியதில்லை. பள்ளியும் சரக்கைப் பெறும் ஓர் இடமே. எழுதுபொருளும் சிற்றுண்டிச் சாலைப் பொருளும் வாரத்தில் எத்தனை வண்டிகளில் வருகின்றன, அவை எவ்வளவு நிறைந்து வருகின்றன, காத்திருக்கும்போது இயந்திரத்தை நிறுத்துகின்றனவா என்று ஒரு வகுப்பு ஒரு மாதம் குறித்து வைக்கலாம். மூன்று முறை தனித்தனியே வரவழைத்த பொருள்களை ஒரே முறையில் வரவழைக்க இயலுமா என்று பள்ளி அலுவலகத்தோடு கலந்து பேசலாம். குறித்து வைத்த எண்கள் கையில் இருந்தால் அப்பேச்சு வேண்டுகோளாக மட்டும் நில்லாது. சான்றோடு கூடிய கோரிக்கையாகும். ஸ்மார்ட்வேயில் பெரிய வாடிக்கையாளர்கள் செய்ததும் இதுவே: தமக்குச் சரக்கு கொண்டுவருபவரிடம் எண்ணைக் கேட்டார்கள்.

தேர்வடத்தில் யார் இழுக்கிறார், யார் தொட்டுக்கொண்டு நடக்கிறார் என்பதைக் கண்ணால் அறிய இயலாது என்று தொடக்கத்தில் கூறினோம். அளந்து பார்த்தால் அறியலாம். அளக்கும் பழக்கத்தையும் அளந்ததை மறைக்காமல் கூறும் பழக்கத்தையும் அடுத்த தலைமுறைக்குக் கற்பிப்பது ஆசிரியர்களின் கையில் உள்ளது.